மூன்று முறை மினுக்கும் விளக்கு, வராத திரை

மூன்று நாட்களாக என் மடிக்கணினியின் திரை உயிர்பெறவே இல்லை. 2019இல் வாங்கியது, 8 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்), விண்டோஸ் 10. பொத்தானை அழுத்தினால் விசிறி சுழல்கிறது. கேப்ஸ் லாக் விளக்கு மூன்று முறை மினுக்கி, சற்று நின்று, மறுபடி மூன்று முறை மினுக்குகிறது.

இரவெல்லாம் இணையத்தில் தேடினேன். எங்கு பார்த்தாலும் ‘செட்டிங்ஸைத் திறந்து டிரைவரைப் புதுப்பியுங்கள்’ என்றே இருக்கிறது. திரையே வராதபோது எதைத் திறப்பது? எரிச்சல்தான் மிச்சம்.

சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்தேன். வெளி மானிட்டரிலும் படம் இல்லை. ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறத் தகடுகளை அழிரப்பரால் துடைத்து மாட்டினேன், பலனில்லை. தஞ்சாவூரில் கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டை (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை) மாற்றச் சொல்கிறார். மகளின் ஆய்வேடு உள்ளே இருக்கிறது.

இந்த மூன்று மினுக்கல் காட்டுவது ரேம் பழுதையா, மதர்போர்டு பழுதையா என்று எப்படி உறுதிசெய்வது?