ஆச்சி வீடு (குழு): பிள்ளையாருக்கு ஸ்வெட்டர்

சனிக்கிழமை

நான், மாலை 6:10
[படம்]
புனேயில் பிள்ளையாருக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டிருப்பதாக ஒரு படம் வந்தது. நிஜமா ரவி அண்ணா?

செல்வி அத்தை, 6:12
பொய்யாக இருக்கும். இப்போது எதை வேண்டுமானாலும் படமாகச் செய்துவிடுகிறார்கள்.

ரவி அண்ணன், 6:20
நிஜம்தான். சாரஸ்பாக் கணபதி. குளிர்காலத்தில் போடுவார்கள். இங்கே விடியற்காலையில் 10 டிகிரி.

உமா மதினி, 6:24
படத்தை ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "இது எங்க குளத்துப் பிள்ளையார்லா" என்றார்கள்.

கோமதி அத்தை, 6:25
அதேதான்! தாமரைக் குளம் இருக்குமே!

சண்முகம் பெரியப்பா, 6:41
கேட்டுக்கொள்ளுங்கள் பிள்ளைகளா. மராத்தியில் அவர் பெயரே தள்யாதலா கணபதி. தளே என்றால் குளம், ஏரி. இப்போது தோட்டமாக இருக்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் தண்ணீர். பேஷ்வா என்றால் மராத்திய அரசின் பிரதம மந்திரி. பர்வதி மலைமேல் 1749இல் கோயில் கட்டிய நானாசாகிப் பேஷ்வா, பிறகு மலையடியில் ஏரியையும் வெட்டினார். நடுவில் ஒரு தீவை விட்டுவைத்தார். அந்தத் தீவில் 1784இல் பிள்ளையாரை வைத்தது அவருடைய பேரன் சவாய் மாதவராவ் காலத்தில். பட்டம் பேஷ்வா, வயது 10. கோயிலுக்குப் படகில்தான் போக வேண்டும். ரகசியம் பேச வேண்டுமென்றால் பேஷ்வாக்கள் நடு ஏரிக்குப் படகை விடச் சொல்வார்கள், துடுப்புப் போடுகிறவர்களுக்கு மராத்தி தெரியாது என்று எங்கள் வாத்தியார் சொல்வார். ஏரி போய், 1960களில் அது தோட்டமானது. அப்பா புனே கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் மாதம் ஒரு ஞாயிறு எங்களைக் கூட்டிப் போவார். பக்கத்திலேயே பேஷ்வே பூங்கா, அதில் 1956லிருந்து ஓடிய பூல்ராணி என்ற குட்டி ரயில். கோமதி அதில் ஏறமாட்டேன் என்று அழுவாள்.

கோமதி அத்தை, 6:43
அழுதது நீங்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா, 6:43
நானும் பார்த்தேன்.

ரவி அண்ணன், 6:50
விஷயம் இதுதான். ஆச்சி போக வேண்டும் என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. பிம்ப்ரியில் மெட்ரோ ஏறினால் ஸ்வார்கேட். அங்கிருந்து ஆட்டோ.

செல்வி அத்தை, 6:52
அப்பாவுடைய தலைத்திவசம் தையில். அதுவரை அம்மா கோயிலுக்குப் போக வேண்டாம் என்று எல்லோரும் உட்கார்ந்துதானே பேசினோம்?

சண்முகம் பெரியப்பா, 6:58
மலைக்கோயிலுக்குத்தான் போகக்கூடாது என்பார்கள் செல்வி. பர்வதி மலை, 103 படி. அங்கே போகச் சொல்லவில்லை. இது சமதரை.

செல்வி அத்தை, 6:59
உங்களுக்குத் தேவை என்றால் எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வந்துவிடும் அண்ணே. நீலகிரியில் அருவங்காட்டு வீட்டுச் சாமான்களைப் பிரித்தபோதும் இதே மாதிரிதான்.

அப்பா, 7:00
அது இப்போது எதற்கு.

கோமதி அத்தை, 7:04
ரவி, வாசலில் பேல்பூரிக் கடைகள் இன்னும் இருக்கின்றனவா?

ரவி அண்ணன், 7:05
வரிசையாக. பாவ்பாஜியும் உண்டு.

செல்வி அத்தை, 7:05
அம்மாவுக்குச் சர்க்கரை 210.

கோமதி அத்தை, 7:06
எனக்காகக் கேட்டேன். அடுத்த மாதம் வருகிறேன்.

உமா மதினி, 7:07
வாருங்கள். எத்தனை பேர்?

ஆச்சி, 7:15
[குரல் பதிவு 1:08]

நான், 7:19
அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது, எழுதிவிடுகிறேன். ஆச்சி சொன்னது: "கல்யாணமாகி கிர்க்கிக்கு வந்து பத்து நாள் வீட்டுக்குள்ளேயே அழுதுகொண்டிருந்தேன். ஒரு பாஷையும் தெரியாது. உங்க அப்பா ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிட்டுப் போனாங்க. பிள்ளையாரைப் பார்த்ததும் தமிழில் பேசினேன். அவருக்குப் புரியும்லா. உங்க அப்பா தாமரைக் குளத்துக் கரையில் உட்கார்ந்து, நான் பேசி முடிக்கிறவரை அரை மணி நேரம் ஒன்றும் கேட்காமல் இருந்தாங்க. அந்தக் கரையில் கொஞ்ச நேரம் உட்காரணும். உள்ளே போகக்கூடாது என்றால் உள்ளே போகலை."

கோமதி அத்தை, 7:20
அம்மா 🙏

அப்பா, 7:22
அவரோடு ஐம்பத்து நாலு வருஷம்.

சண்முகம் பெரியப்பா, 7:30
அந்தக் கரையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஆல்பத்தில் இருக்கும். ஆல்பம் யாரிடம்?

கோமதி அத்தை, 7:31
செல்வி எடுத்துப் போனாள்.

செல்வி அத்தை, 7:31
எடுத்துப் போகவில்லை, அம்மா கொடுத்தாள். நீங்கள் எல்லோரும் புனேயில் வளர்ந்தீர்கள். நான் அருவங்காட்டில் பிறந்தவள், எனக்கு அந்த ஊர் படத்தில்தான் இருக்கிறது.

(7:31க்கும் 8:40க்கும் நடுவில் யாரும் எழுதவில்லை.)

உமா மதினி, 8:40
ஒரு சேதி. ஆச்சி என்னைக் கடைக்கு அனுப்பிச் சிவப்பு நூற்கண்டு மூன்று வாங்கச் சொன்னார்கள். அருவங்காட்டுக் குளிரில் கற்றுக்கொண்ட பின்னலாம். பிள்ளையாருக்கு ஒரு குல்லா பின்னத் தொடங்கிவிட்டார்கள். நாலு விரல் உயரம் வந்துவிட்டது.

ரவி அண்ணன், 8:41
நாம் கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார்களா என்று தெரியாது. பர்வதியையும் இதையும் பார்த்துக்கொள்வது தேவதேவேஸ்வர் சன்ஸ்தான் என்ற கோயில் அறக்கட்டளை. அலுவலகத்தில் கேட்க வேண்டும். அளவும் கேட்க வேண்டும்.

சண்முகம் பெரியப்பா, 8:44
சிறிய மூர்த்திதான். என் நினைவில்

சண்முகம் பெரியப்பா, 8:44
பெரிதாகத் தெரிந்தது. அப்போது நான் சின்னப் பையன்.

அப்பா, 8:50
செவ்வாய் கூட்டம் இருக்கும். பிள்ளையாருக்கு உகந்த நாள் அங்கே.

கோமதி அத்தை, 8:50
வெள்ளி?

ரவி அண்ணன், 8:51
வெள்ளி எனக்கு வேலை. உமா கூட்டிப் போகலாம்.

உமா மதினி, 8:51
வெள்ளி பாப்பாவுக்கு ஊசி.

கோமதி அத்தை, 8:53
எந்த ஊசி? ஒன்பதாம் மாதத்துக்கா? காய்ச்சல் வரும், பார்த்துக்கொள்.

(இதற்குப் பின் பன்னிரண்டு சேதிகள் ஊசியைப் பற்றி.)

ஞாயிற்றுக்கிழமை

செல்வி அத்தை, காலை 5:52
[படம்]

நான், 6:30
தாத்தா! சட்டைப் பையில் பேனா.

கோமதி அத்தை, 6:34
மடியில் இருப்பது நான். பின்னால் தாமரை இலை.

அப்பா, 6:40
அம்மாவைப் பாரேன். சிரிக்கிறாள்.

சண்முகம் பெரியப்பா, 6:47
இந்தப் படத்தைத்தான் சொன்னேன். நன்றி செல்வி. ஆல்பம் உன்னிடமே இருக்கட்டும்.

செல்வி அத்தை, 7:02
கோயிலுக்குள் போவதைப் பற்றி நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. நம் ஐயரிடம் கேட்டுச் சொல்கிறேன். கரையில் உட்காரட்டும்.

ரவி அண்ணன், 7:10
அப்போ செவ்வாயா?

செல்வி அத்தை, 7:15
உமா, அந்தக் குல்லாவுக்கு அம்மா காது விட்டாளா? ஆனைக் காது அல்லவா, மடங்கிக்கொள்ளும்.

உமா மதினி, 7:31
கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் நாலு விரலையும் பிரித்துவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து பின்னுகிறார்கள்.