ஓசூர் அலுவலகச் சுவரில் காவிரி

கவிதா: ஓசூரில் ஒரு அலுவலகத்தின் வரவேற்பறைச் சுவர் முழுக்கப் படம் வரையும் வேலை வந்திருக்கிறது. காவிரியில் வாழும் உயிர்கள் வேண்டுமாம். அவர்கள் தந்த மாதிரியை அனுப்புகிறேன். பெரியப்பா, பார்த்துச் சொல்லுங்கள்.

[படம்]

அத்தை: ரொம்ப சந்தோஷம் கண்ணு 🙏

பெரியப்பா: நல்ல வேலை கவிதா. ஆனால் படத்தில் இருக்கும் நீர்நாய் காவிரியுடையது இல்லை. மல்லாந்து மிதந்துகொண்டு, வயிற்றின் மேல் சிப்பியை வைத்து உடைப்பது கடல் நீர்நாய். அது வட பசிபிக் கரையோரம் வாழ்வது.

பெரியப்பா: ஒகேனக்கல் பக்கம் இருப்பதற்கு ரோமம் குட்டையாக, வழுவழுப்பாக இருக்கும். வால் நுனி தட்டை. ஒன்றை மட்டும் வரையாதே, குட்டிகளோடு குடும்பமாகத் திரியும்.

பிரபு: வாயில் என்ன மீன் வைக்கலாம் பெரியப்பா?

பெரியப்பா: வாளை. சங்கப் பாட்டிலேயே நீர்நாய்க்கு அதுதான் இரை.

கவிதா: மஹ்சீர் மீன்?

பெரியப்பா: அதற்குச் சுவரின் நடுவே பெரிய இடம் கொடு. முதுகில் திமில் உள்ள அந்த மஹ்சீர் காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 2018இல்தான் அதன் அறிவியல் பெயரே உறுதியானது. இப்போது அழிவின் விளிம்பில் நிற்கிறது. தினம் அந்த வழியாகப் போகிறவர்கள் அதன் முகத்தையாவது அறியட்டும்.

அத்தை: முதலை வேண்டாமே அண்ணா. வருகிறவர்கள் பயப்படுவார்கள்.

பெரியப்பா: இருக்கட்டும்மா. பாறையில் வாயைத் திறந்து கிடப்பது கோபத்தில் இல்லை, உடல் சூட்டைத் தணிக்கத்தான். அதை அப்படியே வரைந்தால் பயம் போகும்.

பிரபு: அக்கா, ஆமையும் போடு.

பெரியப்பா: லீத் மென்னோட்டு ஆமை. ஓட்டில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுவிடாதே கவிதா, அதன் முதுகு தோல் போர்த்தியதுதான். மூக்கு சின்னக் குழாய் மாதிரி நீண்டிருக்கும்.

கவிதா: மேலாளர் ஃபிளமிங்கோ கேட்கிறார். நிறம் எடுப்பாக இருக்குமாம்.

பெரியப்பா: எடுப்பான நிறத்துக்கு ஆற்று ஆலாப் பறவை போதும். கருந்தொப்பி, மஞ்சள் அலகு. 2022இல் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரைக் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். உங்கள் பக்கத்துக் காட்டு ஆறு என்று அவரிடம் சொல்.

கவிதா: சரி பெரியப்பா, பேசிப் பார்க்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் தமிழில் பெயர் எழுதலாம் என்றிருக்கிறேன்.

பெரியப்பா: அவசியம் எழுது.

அத்தை: அந்தச் சுவரில் ஏசி தண்ணீர் கசிகிறதா பார்த்துக்கொள் கண்ணு. எங்கள் கூடத்தில் பெயின்ட் உரிந்துபோனது.

கவிதா: ஒரு மூலையில் ஈரம் இருக்கிறது அத்தை. கசிவை அடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் ப்ரைமர் அடிப்பேன். அதற்குள் நீர்நாய்க் குடும்பத்தைப் புதிதாக வரைந்து இங்கேயே அனுப்புகிறேன்.