வாரந்தோறும் பிரீமியர் லீக் முடிவுகளைக் கணிக்கும் எங்கள் குழு: புள்ளி முறையை எப்படி மாற்றலாம்?

கேள்வி: ஹட்டன் ரசிகன்

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனிலும் டிக்கோயாவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கும் நாங்கள் பன்னிரண்டு நண்பர்கள், இங்கிலாந்து பிரீமியர் லீக் உதைபந்தாட்டத்தில் அந்தந்த வாரம் நடக்கும் பத்து ஆட்டங்களின் முடிவையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, மே மாதத்தில் பருவம் முடியும்போது யாருடைய கணிப்பு அதிகம் பலித்திருக்கிறது என்று பார்க்கும் விளையாட்டொன்றைச் சில வருடங்களாக நடத்தி வருகிறோம். பரிசு என்று பெரிதாக எதுவும் இல்லை. முதலிடம் பெறுபவருக்கு மற்றவர்கள் சேர்ந்து கொத்து ரொட்டி வாங்கிக் கொடுப்போம்.

கணக்கு என் பொறுப்பில் இருக்கிறது. சி.ஆர். கொப்பியில் இடது பக்கம் ஆட்டங்களையும் மேலே பெயர்களையும் எழுதி, சொந்த மைதானத்தில் ஆடும் அணி வெல்லும் என்றால் 1, சமநிலை என்றால் X, வெளியூர் அணி வெல்லும் என்றால் 2 என்று ஒவ்வொருவரின் கணிப்பையும் கட்டங்களில் நிரப்பி, பலித்ததைச் சிவப்புப் பேனையால் வட்டமிடுவேன். ஒரு வட்டத்துக்கு ஒரு புள்ளி.

சிக்கல் என்னவென்றால், பக்கத்தைத் திறந்து பார்த்தால் பன்னிரண்டு பேரின் நிரல்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. பலமான அணிக்கே எல்லோரும் போடுகிறார்கள். X என்ற எழுத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வட்ஸ்அப் குழுவில் முதலில் அனுப்புபவரைப் பார்த்துப் பின்னால் வருபவர்கள் எழுதுகிறார்கள் என்ற மனக்குறையும் உண்டு. தைப்பொங்கல் வருவதற்குள் பின்தங்கிவிட்டவர்கள், இனி எட்டிப் பிடிக்க முடியாது என்று எண்ணி அனுப்புவதையே நிறுத்திவிடுகிறார்கள். வாரம் நூறு ரூபாய் வைத்து ஆடினால் ஆர்வம் குறையாது என்று இரண்டொருவர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை என்றாலும் அவர்களுக்குச் சொல்ல வேறொரு வழி வேண்டும். இப்படியான குழுக்களை நடத்திப் பழகியவர்கள் ஆலோசனை கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: தலவாக்கலை வாசகன்

பார்த்து எழுதும் பிரச்சினையை முதலில் தீருங்கள் அண்ணா. அது தீராமல் எந்தப் புள்ளி முறையும் பயன் தராது. எங்கள் குழுவில் யாரும் பொது இடத்தில் கணிப்பைப் போடுவதில்லை. கணக்கு வைத்திருப்பவருக்கு ஒவ்வொருவரும் தனியாக அனுப்ப வேண்டும். கணக்கு வைத்திருப்பவரும் விளையாடுகிறார் என்பதால், மற்றவர்களின் கணிப்பு வந்து சேருமுன் அவர் தன்னுடையதை வேறொருவருக்கு அனுப்பி வைத்துவிட வேண்டும். நேரம் முடிந்தவுடன் கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டால் அதன் பிறகு யாரும் வாய் திறக்க இடமில்லை.

கணிப்பு அனுப்புவதற்கான முடிவு நேரத்தை வெள்ளி இரவு ஒன்பது மணி என்று நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், நாம் மாற்றுவதில்லை. ஆகையால் அங்கே சனி பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம், அதுவரை நமக்கு இரவு 7.30க்கும் அதன் பின்னர் மார்ச் கடைசி வரை 8.30க்கும் வரும். வெள்ளி இரவு எட்டு மணி ஆட்டமோ நள்ளிரவு தாண்டி 12.30க்கோ 1.30க்கோ தொடங்கும். ஆட்டத்துக்கு ஆட்டம் தனித்தனி முடிவு நேரம் வைத்தால், அணிப் பட்டியல் வெளியாகும்வரை காத்திருந்து, யார் காயம், யார் ஓய்வு என்று பார்த்துவிட்டு அனுப்புபவருக்கே வாய்ப்பு அதிகம். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. எல்லோருக்கும் ஒரே நேரம் என்பதே நியாயம்.

X எழுதத் தயங்குவதற்கு ஒரே மருந்து, சமநிலை பலித்தால் இரண்டு புள்ளி கொடுப்பதுதான்.

பதில்: பண்டாரவளை மூத்தவன்

தம்பி தலவாக்கலை சொன்னவற்றில் முதல் இரண்டையும் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். மூன்றாவதில் மட்டும் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் விளையாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது.

பிரீமியர் லீக்கில் ஏறத்தாழ நான்கில் ஓர் ஆட்டம் சமநிலையில் முடிகிறது. பத்து ஆட்டங்களில் இரண்டோ மூன்றோ அப்படி முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது எந்த இரண்டு அல்லது மூன்று என்பது தெரியாது. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால், எந்த ஆட்டத்திலும் ஏதோ ஓர் அணி வெல்லும் வாய்ப்பு சமநிலைக்கான வாய்ப்பைவிட ஏறக்குறைய எப்போதும் சற்று அதிகமாகவே இருக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே புள்ளி என்றால் X எழுதாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். உங்கள் நண்பர்கள் துணிச்சல் இல்லாதவர்கள் அல்லர். உங்கள் விதி அவர்களை அப்படி எழுத வைக்கிறது.

இப்போது சமபலமுள்ள இரண்டு அணிகள் ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய நூறு ஆட்டங்களில் இரு அணிகளுக்கும் தலா முப்பத்தேழு வெற்றி, மிச்சம் இருபத்தாறு சமநிலை என்று கொள்வோம். வெற்றிக்கு ஒன்று, சமநிலைக்கு இரண்டு என்றால், ஓர் அணியை எழுதியவருக்கு 37 புள்ளி, X எழுதியவருக்கு 52 புள்ளி. இதைப் புரிந்துகொண்ட மறு வாரமே நெருக்கமான ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் எல்லோரும் X போடுவார்கள். பழையபடி நிரல்கள் ஒரே மாதிரி ஆகிவிடும். வெற்றிக்கு இரண்டு, சமநிலைக்கு மூன்று என்று வையுங்கள்: ஒருவருக்கு 74, மற்றவருக்கு 78. வித்தியாசம் இல்லாத அளவுக்கு அருகில் வந்துவிடுகிறது, ஆகவே ஒவ்வொருவரும் அந்த இரண்டு அணிகளையும் பற்றித் தமக்குத் தெரிந்ததை வைத்தே எழுத வேண்டியிருக்கும். பலமான அணி நூற்றில் அறுபது முறை வெல்லக்கூடிய ஆட்டத்தில் இந்த முறையிலும் X எழுதுவது நட்டம்தான், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். இரண்டுக்கு மூன்று என்ற இந்த விகிதத்தை நான் மிகவும் விரும்புகிறேன். சமநிலைக்கு மதிப்புக் கூட்டுவது புதிய யோசனையும் அல்ல. இங்கிலாந்தில் 1923இல் தொடங்கிய லிட்டில்வூட்ஸ் முதலான ‘பூல்ஸ்’ கூப்பன்களில் (பணம் கட்டி ஆட்ட முடிவுகளைக் கணித்து அனுப்பும் பந்தயச் சீட்டுகளில்), பிற்காலத்தில் மிகவும் பெயர் பெற்ற முறையில் சமநிலைகளைக் கண்டுபிடிப்பவருக்கே அதிகப் புள்ளி கிடைத்தது. நீங்கள் கொப்பியில் எழுதும் 1, X, 2 என்ற குறிகள் இத்தாலியில் 1946இல் தொடங்கிய டோட்டோகால்சியோ கூப்பனில் இருந்தவையே.

சரியான கோல் எண்ணிக்கையைக் கேட்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். பிபிசி இணையதளத்தில் முன்னாள் ஆட்டக்காரர்களான மார்க் லோரன்சன் முதலிலும் கிறிஸ் சட்டன் 2022க்குப் பிறகும் வாரந்தோறும் அப்படித்தான் கணித்திருக்கிறார்கள். முடிவு மட்டும் சரியென்றால் பத்துப் புள்ளி, கோல்களும் சரியென்றால் நாற்பது. பார்ப்பதற்கு அழகான முறைதான். ஆனால் மிக அதிகமாக வரும் 1-1 என்ற முடிவே எட்டு ஒன்பது ஆட்டங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. மேலதிக நேரத்தில் விழும் ஒரு கோலால் நாற்பது பத்தாகிவிடும். பன்னிரண்டு பேர் உள்ள சிறிய குழுவில் அது அறிவைவிட அதிர்ஷ்டத்தையே அளக்கும் என்பதால் வேண்டாம் என்பேன்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை என்று இரண்டை மட்டும் சொல்கிறேன். சொந்த மைதானத்தின் பலம் இரசிகர்களிடமிருந்து வருகிறது. கொரோனாவால் பெரும்பாலும் வெற்று அரங்குகளில் ஆடப்பட்ட 2020-21 பருவத்தில் சொந்த மைதான வெற்றிகளைவிட வெளியூர் வெற்றிகள் அதிகமாகிவிட்டன. மற்றது, கீழ்ப் பிரிவிலிருந்து புதிதாகத் தரமுயர்ந்து வரும் அணிகள். 2023-24, 2024-25 ஆகிய இரு பருவங்களிலும் மேலே வந்த மூன்று அணிகளும் அதே வருடம் கீழே இறங்கின. சௌத்ஹாம்ப்டன் 38 ஆட்டங்களில் 12 புள்ளிகளோடு போனது. அதற்காகச் சிறிய அணிகளை எப்போதும் ஒதுக்கிவிடாதீர்கள். 2015-16 பருவத்துக்கு முன்பு லெஸ்டர் சிட்டி சம்பியனாகும் என்பதற்கு இங்கிலாந்துப் பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் தருவதாக இருந்தார்கள். அந்த அணி 81 புள்ளிகளுடன் கிண்ணத்தைத் தூக்கியது. வாரம் வாரம் லெஸ்டரை நம்பி எழுதியவர் யாராவது உங்கள் குழுவில் இருந்திருந்தால் அந்த வருடக் கொத்து ரொட்டி அவருக்குத்தான்.

பதில்: மஸ்கெலியாவிலிருந்து கொழும்புக்கு வந்தவன்

நான் வேலை செய்யும் இடத்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க உதைபந்தாட்டத்தை (NFL) வைத்து இதே விளையாட்டை ஆடுகிறார்கள். அங்கே 32 அணிகள், 18 வாரங்கள், மொத்தம் 272 ஆட்டங்கள். சமநிலை அபூர்வம் என்பதால் இந்த அணியா அந்த அணியா என்ற இரண்டே தெரிவுகள். எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் சிக்கல் அவர்களுக்கும் வந்திருக்கிறது. அதற்கு அவர்கள் கண்ட வழி, முடிவோடு நம்பிக்கையின் அளவையும் எழுதச் சொல்வது. நம் கணக்கில் பத்து ஆட்டங்கள் என்றால், மிக உறுதியாக நம்பும் கணிப்புக்கு 10, அடுத்ததற்கு 9 என்று 1 வரை இறங்கிக்கொண்டே போக வேண்டும். எந்த எண்ணையும் இருமுறை எழுதக் கூடாது. பலித்த கணிப்புக்கு அதன் எதிரே உள்ள எண்ணே புள்ளி. பத்தும் பலித்தால் 55.

இதில் எனக்குப் பிடித்தது, இருவர் ஒரே அணிகளை எழுதியிருந்தாலும் புள்ளிகள் வேறுபடும் என்பதுதான். ஆர்சனலை நம்பி ஒருவர் 10 போட்டிருப்பார், இன்னொருவர் மனத்தில் ஏதோ உறுத்த 4 போட்டிருப்பார். யார் அணிகளை உண்மையில் கவனித்து வருகிறார் என்பது அந்த எண்களில் வெளிப்பட்டுவிடும்.

பின்தங்கியவர்கள் விலகுவதைத் தடுக்க, ஓகஸ்ட் முதல் மே வரை மாதத்துக்கொரு தனிப் பட்டியல் வையுங்கள். ஒவ்வொரு மாதமும் எல்லோரும் பூச்சியத்திலிருந்து தொடங்குவார்கள். முழுப் பருவப் பட்டியலும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கட்டும். அதில் ஒவ்வொருவருக்கும் மிகக் குறைந்த புள்ளி பெற்ற சில வாரங்களைக் கழித்துவிடுங்கள். ஊருக்குப் போன வாரமோ, மழையில் சிக்னல் இல்லாமற்போய்க் கணிப்பு அனுப்ப முடியாத வாரமோ ஒருவரின் முழு வருடத்தையும் கெடுத்துவிடாது.

பதில்: பண்டாரவளை மூத்தவன்

மாதப் பட்டியல் மிக நல்ல யோசனை. நம்பிக்கை எண்களைப் பற்றி ஒரு சொல்: பன்னிரண்டு பேருக்கும் வாரம் நூற்றிருபது எண்களைக் கையால் எழுதிக் கூட்டுவது ஹட்டன் தம்பிக்குப் பெரிய சுமையாகிவிடும். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரே ஓர் ஆட்டத்துக்குக் கீழே கோடிடட்டும். அது பலித்தால் புள்ளி இரட்டிப்பு. நீங்கள் சொன்ன பலனில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.

பதில்: நுவரெலியா அன்பன்

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். தயவுசெய்து நூறு ரூபாய்க்கும் இடம் கொடுக்காதீர்கள். ஏப்ரல் குதிரைப் பந்தயத்தையும் நகரத்துப் புக்கிகளின் வாசலில் நிற்பவர்களையும் பார்த்தே வளர்ந்தவன் நான். காசு வந்தவுடன், கணக்கு வைத்திருப்பவர் காசாளராகிவிடுவார். கோடிட்ட ஆட்டம் எது, நேரம் தாண்டி வந்த கணிப்பு எது என்பதெல்லாம் சண்டையாகும். நாட்சம்பளத்தில் வாழும் நண்பர் ஒருவர் இரண்டு வாரம் கொடுக்க முடியாமற்போனால், வெட்கப்பட்டு அவராகவே ஒதுங்கிவிடுவார். ஆர்வம் குறைகிறது என்பவர்களிடம் மாதப் பட்டியலைக் காட்டுங்கள்.

ஹட்டன் ரசிகன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நண்பர்களிடம் பேசினேன். வெற்றிக்கு இரண்டு, சமநிலைக்கு மூன்று, கோடிட்ட ஆட்டத்துக்கு இரட்டிப்பு, மாதப் பட்டியல், வெள்ளி இரவு ஒன்பது மணி, கணிப்புகள் தனியாக எனக்கு என்று முடிவாகியிருக்கிறது. பணம் வேண்டாம் என்பதை, முதலில் கேட்டவர்களே ஒப்புக்கொண்டார்கள். இன்னும் ஒன்றே ஒன்று: ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டால் என்ன செய்வது?

பதில்: பண்டாரவளை மூத்தவன்

1963இல் கடுங்குளிரால் மைதானங்கள் உறைந்து ஆட்டங்கள் வரிசையாக நின்றபோது, பூல்ஸ் நிறுவனங்கள் பழைய ஆட்டக்காரர்கள் சிலரைக் கூட்டிவைத்து, நடக்காத ஆட்டத்தின் முடிவு என்னவாக இருந்திருக்கும் என்று தீர்ப்புச் சொல்ல வைத்தன. கூப்பனுக்குப் பணம் கட்டியவர்கள் காத்திருந்ததால் அவர்களுக்கு அது தேவைப்பட்டது, உங்களுக்குத் தேவையில்லை. ஒத்திவைக்கப்பட்ட ஆட்டத்தைக் கொப்பியில் அடித்துவிட்டு, அது மீண்டும் நடக்கும் வாரத்தில் பதினோராவது ஆட்டமாகச் சேர்த்துப் புதிதாகக் கணிப்பு வாங்குங்கள். கோடு அந்த ஆட்டத்தின் கீழே இருந்தால், அந்த வாரம் அவருக்கு இரட்டிப்பு இல்லை. எலிசபெத் மகாராணியார் காலமான 2022 செப்டெம்பரில் நடந்ததுபோல முழு வாரமும் ஒத்திவைக்கப்பட்டால், அந்தப் பக்கத்தையே விட்டுவிடுங்கள்.

பாதியில் நின்றுபோகும் ஆட்டத்துக்கும் இதே விதி பொருந்தும். 2023 டிசெம்பரில் போர்ன்மத், லூட்டன் அணிகளின் ஆட்டம், லூட்டன் அணித் தலைவர் மைதானத்திலேயே இதயம் நின்று விழுந்ததால் 1-1 என்ற நிலையில் கைவிடப்பட்டது. நல்லவேளையாக அவர் பிழைத்துக்கொண்டார். மார்ச்சில் ஆட்டம் முதலிலிருந்து மீண்டும் ஆடப்பட்டபோது, மூன்று கோல்கள் பின்னால் இருந்த போர்ன்மத் 4-3 என்று வென்றது. டிசெம்பரில் X எழுதியவருக்குப் புள்ளி கொடுப்பதா, மார்ச் முடிவை டிசெம்பர்க் கணிப்போடு ஒப்பிடுவதா என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் அணியே மாறியிருக்கும். புதிதாகக் கேட்டு எழுதுங்கள்.