இலவசச் செயலிக்கான செலவை யாரிடம் வாங்குவது?

ஈசூன்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் தொடக்கநிலை 5, 6 மாணவர்களுக்கான தமிழ்ப் பயிற்சிச் செயலி ஒன்றை ஆசிரிய நண்பர்கள் இருவரும் நானும் மூன்று ஆண்டுகளாக இலவசமாக நடத்தி வருகிறோம். வாய்மொழித் தேர்வுக்கான குரல்பதிவும் சர்வர் செலவும் இப்போது கையைக் கடிக்கின்றன. பெற்றோரிடம் கட்டணம் கேட்டால், செயலி மிகவும் தேவைப்படும் பிள்ளைகளே முதலில் விலகிப் போவார்கள் என்பதால் அதற்கு மனம் வரவில்லை. துணைப்பாட நிலையம் ஒன்று முழுச் செலவையும் ஏற்க முன்வந்துள்ளது. பதிலுக்கு முகப்பில் தன் பெயரையும், பதிவு செய்த பெற்றோரின் தொலைபேசி எண்களையும் கேட்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

பழைய விளம்பரக்காரர்:
பல ஆண்டுகள் இலவச நாளிதழ் ஒன்றுக்கு விளம்பரம் திரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் பக்கங்களில் விளம்பரப் பெட்டிகளைத்தான் முதலில் வரைவோம். எஞ்சிய இடமே செய்திக்கு. காலையில் ரயில் நிலைய வாசலில் இதழை வாங்கிச் சென்றவர்கள் எங்கள் வாசகர்கள். வாடிக்கையாளர்களோ விளம்பரம் கொடுத்த கடைக்காரர்கள். அந்தப் பணம் இணையத்துக்குப் போனதும் அச்சு இதழ்கள் தாக்குப்பிடிக்கவில்லை. 2000இல் தொடங்கிய ‘டுடே’ 2017இல் அச்சை நிறுத்தியது. 2016 டிசம்பரில் இலவசமாக மாறிய ‘தி நியூ பேப்பர்’ 2021 டிசம்பரில் நிறுத்தியது. ஆகவே, ஒரே நிலையத்தை நம்பி இறங்காதீர்கள். அவர்கள் ஓராண்டில் கைவிட்டால் உங்கள் மாணவர்கள் நடுவழியில் நிற்பார்கள்.

இரு பிள்ளைகளின் தாய்:
எண்களைக் கொடுக்கவே வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். கடைத்தொகுதி ஒன்றில் ‘இலவசத் திறனறி சோதனை’ என்று நம்பி மகளை உட்கார வைத்தேன். அன்று படிவத்தில் எழுதிய எண்ணுக்கு ஈராண்டுகள் அழைப்புகள் வந்தன. நீங்கள் எண்களைப் பெற்றது பயிற்சிக்காக. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வேறு நோக்கத்துக்கு அவற்றைக் கைமாற்றும் முன் எங்களிடம் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெறவேண்டும்.

தேக்கா ஆசிரியர்:
கடையில் நாம் பணம் செலுத்த நெட்ஸ் வங்கி அட்டையைத் தட்டும்போது அந்தச் சேவைக்கான கட்டணத்தைக் கடைக்காரர் கொடுக்கிறார், நமக்குச் செலவில்லை. இரு தரப்பாரை இணைக்கும் இத்தகைய சந்தைகளில் எத்தரப்பிடம் எவ்வளவு வாங்குவது என்பதை ஆராய்ந்த பொருளியலாளர்களில் ஒருவரான ஜான் திரோல் 2014இல் நோபெல் பரிசு பெற்றார். ஆனால் நமக்கு நெருக்கமான முன்மாதிரி கோயில் உபயம் என்றே நினைக்கிறேன். அன்னதானத்தை ஏற்றவரின் பெயர் பலகையில் எழுதப்படுகிறது. பந்தியில் அமர்ந்தவர் யார், எங்கே குடியிருக்கிறார் என்று எந்த உபயதாரரும் கேட்பதில்லை. அதுபோல ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் உபயதாரரைத் தேடுங்கள். சிராங்கூன் சாலை மளிகைக் கடையோ பூக்கடையோ ஒரு பாடத்தின் குரல்பதிவுச் செலவை ஏற்கட்டும். பாடத்தின் இறுதியில் ‘இப்பாடம் இன்னாரின் உபயம்’ என்ற ஒரு வரி போதும். பாடத்தில் எதைச் சேர்ப்பது என்பதில் அவர்களுக்குப் பங்கில்லை என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈசூன்வாசி:
மனமார்ந்த நன்றி. எண்களைத் தர இயலாது என்று நிலையத்துக்கு இன்றே எழுதிவிட்டேன். விரும்பினால் அவர்களும் ஒரு பாடத்தை உபயமாக ஏற்கலாம் என்று சேர்த்திருக்கிறேன். சனிக்கிழமை காலை தேக்காவில் கடை கடையாக ஏறி இறங்கப் போகிறோம்.