டேன்ஸ்போர்க்: காவல் கோட்டையா, மதில் கட்டிய கிடங்கா? (புனைபெயரில் மூவர் உரையாடல்)

கொத்தளம்:
தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் (டென்மார்க் நாட்டவர்) கட்டிய டேன்ஸ்போர்க்கைக் 'கடலோரப் பாதுகாப்புக் கோட்டை' என்று எழுதுவதை ஏற்க முடியவில்லை. அது மிளகுக் கிடங்கு. மதில் அதற்குப் பூட்டு. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு டேனிஷ் தளபதி ஓவ் கிட்டி ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகைக்கு ஒத்துக்கொண்டதே வணிகத்துக்குத்தான். கீழ்த்தளத்தில் சரக்கறைகள், சிறை. மேல்தளத்தில் ஆளுநரின் குடியிருப்பு. ஆங்கிலேயர் 1801இலும் 1808இலும் வந்தபோது சண்டையே இல்லாமல் கைமாறியது.

அகழி:
1801ஐ வைத்து 1620ஐ அளக்காதீர்கள், நண்பரே. 1650இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியே கலைந்துபோனது. 1655 முதல் 1669 வரை டேனிஷ் கோட்டைத் தலைவர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டே தஞ்சைப் படையைத் தடுத்து நின்றார். ஊரைச் சுற்றி மதில் எழுந்ததும் அவர் காலத்தில்தான். 1669இல் டென்மார்க்கிலிருந்து 'ஃபேரோ' கப்பல் வந்து சேர்ந்தபோது கோட்டை டேனிஷ்காரர் கையில்தான் இருந்தது. வெறும் கிடங்கு இத்தனை ஆண்டு தாங்குமா?

கொத்தளம்:
அது தரைப்படையோடு நடந்தது. நான் கேட்பது கடல் பக்கம். தரங்கம்பாடியில் துறைமுகம் கிடையாது. பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரமிடும். அவற்றை இந்தப் பீரங்கிகள் என்ன செய்திருக்க முடியும்? தரைப் பக்கமும் அப்படியொன்றும் பலமில்லை. 1699இல் தஞ்சை மராட்டியர் முற்றுகையிட்டபோது ஆங்கிலேயர் துணைக்கு வர வேண்டியிருந்தது.

அகழி:
துணை வரும்வரை விழாமல் நிற்பதுதான் எந்தக் கோட்டைக்கும் வேலை. கடல் பக்கத்துக்கு வருகிறேன். துறைமுகம் இல்லாததே இங்கே பாதி அரண். கப்பலிலிருந்து இறங்குகிறவன் அலைவாயை, அதாவது கரையோரம் அலை உடையும் பகுதியைக் கடந்தாக வேண்டும். ஆணி அடித்த கப்பல் படகு தரை தட்டினால் பலகை பிளந்துவிடும். தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகு வளைந்துகொடுப்பதால் தப்பும். அந்தப் படகுகளும் ஓட்டத் தெரிந்தவர்களும் கரையில், கோட்டைக்காரர் பக்கம். கப்பலை மூழ்கடிக்கத் தேவையில்லை, இறங்கும் கரையை அடித்தால் போதும். கொத்தளங்களை (பீரங்கி வைக்கும் மதில் மேடைகளை) கரையை ஒட்டி வைத்ததற்கு இதுவே காரணம் என்பேன். தரைப் பக்கத்துக்கு அகழியும் தூக்குப்பாலமும் இருந்தன.

சுண்ணாம்புச்சாந்து:
இருவருக்கும் ஒரு திருத்தம். இன்றைய கரையிலிருந்து தூரம் கணக்கிட்டு யாரும் பேச வேண்டாம். கடல் உள்ளே வந்திருக்கிறது. 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோனதைப் பார்க்கிறோமே. அகழியும் தூர்ந்து தடமே இல்லை. எஞ்சிய செங்கல்லையாவது காப்பாற்ற வேண்டும். உப்புக்காற்றில் ஊறிய சுவருக்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதைப் பொடியாக உதிர்க்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். உதிர்ந்தாலும் பூச்சுதான் உதிரும், அதை மறுபடி பூசிக்கொள்ளலாம்.

கொத்தளம்:
அலைவாய் விஷயம் நியாயமானது, ஏற்கிறேன். ஆனால் அது தொடக்க காலத்துக்குத்தான் பொருந்தும். பிற்பாடு ஆளுநரே கோட்டையை விட்டு எதிரே பங்களாவுக்குக் குடிபோனார். 1845இல் தரங்கம்பாடியையும், வங்காளத்தில் தங்கள் வசமிருந்த செராம்பூரையும் சேர்த்து டேனிஷ்காரர்கள் 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். 1978 வரை கோட்டை பயணியர் விடுதியாக இருந்தது. காவல் கோட்டை என்று எழுதுவதானால் எந்த நூற்றாண்டில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அகழி:
17ஆம் நூற்றாண்டு என்று எழுதுவேன். 1699 முற்றுகையும் அதில் அடக்கம்.