வேலையிழப்பு உதவித்தொகை வாங்கிக்கொண்டே பகுதிநேர வேலைக்குப் போகலாமா? (கலிபோர்னியா)

கேள்வி:
ஆட்குறைப்பில் வேலை போன பிறகு இ.டி.டி. (கலிபோர்னியா மாநில வேலைவாய்ப்பு மேம்பாட்டுத் துறை) மூலம் வாரத்துக்கு 400 டாலர் உதவித்தொகை பெற்று வருகிறேன். வார இறுதியில் இரண்டு நாள் கணக்கு எழுதித் தருமாறு ஒரு கடையில் அழைக்கிறார்கள். நாளுக்கு 100 டாலர் கிடைக்கும். போனால் உதவித்தொகை அடியோடு நின்றுவிடுமா, அல்லது அந்த 200 டாலரும் அப்படியே கழிந்து, உழைத்ததும் உழைக்காததும் ஒன்றாகிவிடுமா? சம்பளம் இரண்டு வாரம் கழித்துத்தான் கைக்கு வரும் என்பதால், அதை எப்போது தெரிவிப்பது என்றும் புரியவில்லை.

பதில் 1:
நிற்காது. ஒரு வாரச் சம்பாத்தியத்தில் 25 டாலர் அல்லது கால் பங்கு, இவற்றில் எது அதிகமோ அதை விட்டுவிட்டு மீதியைத்தான் கழிப்பார்கள். 200-இல் கால் பங்கு 50. ஆகவே 150 கழிந்து 250 வரும், சம்பளத்தோடு சேர்த்து 450. இரண்டு நாள் உழைப்புக்குக் கூடுதலாக வருவது 50 டாலர்தானா என்று நானும் முதலில் சலித்துக்கொண்டவன்தான். ஆனால் கழிந்த 150 பறிபோய்விடுவதில்லை. உங்களுக்கென ஒதுக்கப்பட்ட மொத்தத் தொகையிலேயே தங்கி, வேலை தேடுவது நீண்டுபோனால், உதவித்தொகை கேட்டு நீங்கள் பதிந்த கோரிக்கையின் ஓராண்டுக் காலம் முடிவதற்குள் பிந்தைய வாரங்களுக்குக் கைகொடுக்கும்.

பதில் 2:
தெரிவிக்கும் விஷயத்தில் நான் சறுக்கியிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பும் படிவத்தில், பணம் வந்ததோ இல்லையோ, அந்த வாரத்தில் வேலை செய்தீர்களா என்றுதான் கேட்பார்கள். நானோ சம்பளம் வங்கிக்கு வந்த வாரத்தில், அதுவும் வரிப்பிடித்தம் போக மிஞ்சிய தொகையை எழுதிவிட்டு, பிறகு கூடுதலாகப் பெற்றதைத் திருப்பிக் கட்டினேன். வேலை செய்த வாரத்தில், பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகையை எழுதுங்கள். ரொக்கமாகத் தந்தாலும் மறைக்க வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவரின் விவரத்தை முதலாளி 20 நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதால் அது எளிதில் தெரிந்துவிடும், வேண்டுமென்றே மறைத்ததாக முடிவானால் 30 சதவீத அபராதமும் சேரும்.

பதில் 3:
வார இறுதி வேலை என்பதால் முழுநேர வேலை தேடுவதற்கு அது குறுக்கே நிற்காது. ஆனால் சேர்ந்த பிறகு தக்க காரணமின்றி விலகினால் உதவித்தொகைக்கே ஆபத்து வரலாம்; ஆகவே யோசித்துச் சேருங்கள். உதவித்தொகைக்கு மாநில வரி கிடையாது, மத்திய வரி உண்டு. கேட்டுக்கொண்டால் 10 சதவீதம் முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. வரும் சனிக்கிழமை சேர்கிறேன். சனி, ஞாயிறு இரண்டும் ஒரே வாரக் கணக்கில்தானே வரும்?

பதில் 2:
வராது. அவர்களுடைய வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை முடிகிறது. ஆகவே முதல் வாரத்துக்கு 100 டாலர் மட்டும் எழுதுங்கள். 75 கழிந்து 325 வரும். அடுத்த வாரம் முதல், தொடக்கத்து ஞாயிறும் கடைசிச் சனியும் சேர்ந்து 200 ஆகிவிடும்.