ஆல்வேஸ், ஆஃபன் எல்லாம் வாக்கியத்தில் எங்கே போட வேண்டும்? அவசரம்

தக்கலைப்பெண்:
வணக்கம். ஆல்வேஸ், ஆஃபன், யூஷுவலி இதெல்லாம் வாக்கியத்தில் எங்கே வரும்? ஒரு இடத்தில் முன்னால் போடு என்கிறார்கள், இன்னொரு இடத்தில் பின்னால் போடு என்கிறார்கள். கோச்சிங்கில் நான் எழுதியதில் நாலு வாக்கியத்தைச் சுழித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். என்ன தப்பு என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை தேர்வு. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

குழித்துறைக்காரன்:
என்ன தேர்வு? எழுத்தா, பேச்சா? அந்த நாலு வாக்கியத்தைப் போடாமல் என்ன தப்பு என்று நாங்கள் எப்படிச் சொல்ல முடியும்?

இலக்கணப்புலி:
ஆறாம் வகுப்புப் பாடம். மேலே தேடினால் இதே கேள்விக்கு நானே பலமுறை பதில் எழுதியிருப்பது கிடைக்கும். சாதாரண வினைக்கு முன்னால், ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் வந்தால் அதற்குப் பின்னால். ‘ஹி ஆல்வேஸ் கம்ஸ் லேட்.’ ‘ஹி இஸ் ஆல்வேஸ் லேட்.’ முடிந்தது. இதற்குப் பணம் கட்டி கோச்சிங் போகிறார்கள்!

கருங்கல் மக்கா:
அண்ணே, இலக்கணம் படித்து யாராவது பேசியிருக்கிறார்களா? இங்கிலீஷ் கிரிக்கெட் கமென்ட்ரி கேட்கச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் படித்தேன்.

பென்ஷன் வாத்தியார்:
மகளே, நான் பிள்ளைகளுக்குச் சதவீதக் கணக்குப் போட்டுத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆல்வேஸ் 100, யூஷுவலி 80, ஆஃபன் 60, சம்டைம்ஸ் 40, ஹார்ட்லி எவர் 5, நெவர் 0. இதை மனதில் பதித்துவிட்டால் வார்த்தை தானாக வரும். ‘இட் யூஷுவலி ரெய்ன்ஸ் இன் ஜூன்.’ நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனில் மழை பெய்யும், ஆகவே யூஷுவலி.

ஆரல்காற்று:
சார், எந்த ஊர் மழை? ஆரல்வாய்மொழியில் ஜூன் மாதம் காற்றாலைதான் சுற்றும். எப்பவாவது ஒரு சாரல். எங்களுக்கு அது ‘ஹார்ட்லி எவர்’.

குலசேகரம் ரப்பர்:
நம்ம பக்கம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) பிடித்தால் ரப்பர் வெட்டவே முடியாது. பேச்சிப்பாறை அணையில் கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதும் ஜூனில்தான். வாத்தியார் சொன்னது சரி.

ஆரல்காற்று:
அணையில் திறக்கிற தண்ணீர் வாய்க்காலில் வரும், வானத்திலிருந்து வராது. எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை.

குழித்துறைக்காரன்:
மழையை விடுங்கள். தங்கச்சி, வாக்கியம் எங்கே?

தக்கலைப்பெண்:
மன்னிக்கவும், டியூட்டியில் இருந்தேன். ஓஇடி, வெளிநாட்டு மருத்துவ வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் இங்கிலீஷ் தேர்வு. நான் நர்சிங். ஸ்பீக்கிங்தான் பயமாக இருக்கிறது. சுழித்தவை இவை:
‘யூ ஷுட் டேக் ஆல்வேஸ் திஸ் டேப்லெட் ஆஃப்டர் ஃபுட்.’
‘டூ யூ ஃபீல் ஆஃபன் டிஸி?’
‘ஐ யூஸ்டு டு செக் பிபி எவ்ரி மார்னிங் இன் மை வார்டு.’
‘ஆர் யூ ஆல்வேஸ் ஃபர்கெட்டிங் யுவர் டேப்லெட்ஸ்?’
கடைசி இரண்டில் எதை எங்கே மாற்றுவது என்றே புரியவில்லை.

இலக்கணப்புலி:
வினைக்கு முன்னால் போடச் சொன்னேனே. முதல் இரண்டும் அதே தப்பு. நான்காவது: ஆல்வேஸுடன் ‘இங்’ வராது. ‘டூ யூ ஆல்வேஸ் ஃபர்கெட்’ என்று மாற்றுங்கள்.

லெஸ்டர் நைட் டியூட்டி:
நான் திங்கள்சந்தைப் பக்கம், இப்போது இங்கிலாந்தில் வார்டில் இருக்கிறேன். புலி அண்ணன் நான்காவதில் சொன்னபடி செய்து மதிப்பெண்ணை விட்டுவிடாதே மா.

முதலாவதில் ஷுட் இருக்கிறது. ஷுட், கேன், வில், ஹேவ் மாதிரி துணை வினை வந்தால் ஆல்வேஸ் அதற்கும் முக்கிய வினைக்கும் நடுவில் உட்காரும்: ‘யூ ஷுட் ஆல்வேஸ் டேக்.’ கேள்வி என்றால் ஆளுக்கு அடுத்து: ‘டூ யூ ஆஃபன் ஃபீல் டிஸி?’ இடம் தப்பியது இந்த இரண்டில் மட்டும்தான்.

மூன்றாவதில் இடப் பிரச்சினையே இல்லை. நம் ஊரில் தினமும் செய்கிற வேலைக்கெல்லாம் யூஸ்டு டு போட்டுப் பழகிவிட்டோம். கேட்கிற வெள்ளைக்காரருக்கு ‘முன்பு பார்த்தேன், இப்போது பார்ப்பதில்லை’ என்றுதான் படும். நான் வந்த புதிதில் அப்படிச் சொன்னதும் சிஸ்டர் என்னைப் பார்த்து, ‘ஏன் நிறுத்தினாய்?’ என்று கேட்டார். இப்போதும் செய்கிற வேலை என்றால் ‘ஐ செக் பிபி எவ்ரி மார்னிங்’, அவ்வளவு போதும். எவ்ரி மார்னிங், ட்வைஸ் எ டே, ஒன்ஸ் எ வீக் எல்லாம் பெரும்பாலும் கடைசியில் வரும். தேர்வில் உன்னைப் பற்றிக் கேட்கிற அந்த அறிமுகப் பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது, இருந்தாலும் தடுமாறினால் உள்ளே போகும்போதே பதற்றம் ஏறிவிடும்.

நான்காவதில் இலக்கணம் சரி. ஆல்வேஸுடன் ‘இங்’ தாராளமாக வரும். வந்தால் பெரும்பாலும் குறை சொல்கிற தொனி. ‘எப்பப் பார்த்தாலும் மாத்திரையை மறந்துவிடுகிறாயே’ என்று நோயாளியைத் திட்டுகிற மாதிரி. 2018இல் தேர்வை மாற்றியதிலிருந்து நோயாளியிடம் எப்படிப் பழகுகிறாய் என்பதற்கும் மதிப்பெண் உண்டு, அங்கேதான் இது அடிக்கும். ‘டூ யூ எவர் ஃபர்கெட் டு டேக் யுவர் டேப்லெட்ஸ்?’ என்று கேள். அவரே ‘சம்டைம்ஸ்’ என்று ஒத்துக்கொள்வார்.

இலக்கணப்புலி:
நான் பயன்படுத்தும் இலக்கண நூலில் ஆல்வேஸ் வந்தால் எளிய நிகழ்காலம் என்றுதான் இருக்கிறது.

குழித்துறைக்காரன்:
அப்படியானால் ‘யெஸ், ஐ ஆல்வேஸ் ஆம்’ என்று சுருக்கமாகப் பதில் சொல்கிறார்களே, அதில் ஆல்வேஸ் ஆமுக்கு முன்னால் வருகிறதே? புலி விதிப்படி பின்னால் அல்லவா வர வேண்டும்?

இலக்கணப்புலி:
அது விதிவிலக்கு. முதலில் விதியைப் படிக்க வேண்டும்.

பென்ஷன் வாத்தியார்:
சதவீதக் கணக்கை யாருமே கண்டுகொள்ளவில்லையே.

லெஸ்டர் நைட் டியூட்டி:
சார், வகுப்புக்கு நல்லது. வார்டில் செல்லாது. ஒருவர் ‘சம்டைம்ஸ் வலிக்கிறது’ என்றால் அது மாதம் ஒரு தடவையாகவும் இருக்கும், மணிக்கு ஒரு தடவையாகவும் இருக்கும். அதனால்தான் உடனே ‘ஹவ் மெனி டைம்ஸ் எ டே?’ என்று கேட்கிறோம். தங்கச்சி, இதையும் பழகிக்கொள். வயதானவர்கள் ‘எவ்ரி நௌ அண்ட் தென்’, ‘ஒன்ஸ் இன் எ வைல்’ என்பார்கள், எப்பவாவது என்று அர்த்தம். ‘எவ்ரி அதர் டே’ என்றால் ஒன்றுவிட்டு ஒரு நாள். ‘பைவீக்லி’யை மட்டும் வாயில் எடுக்காதே. வாரம் இரண்டு தடவை என்றும் எடுக்கலாம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்றும் எடுக்கலாம். மாத்திரை விஷயத்தில் ஆபத்து. இங்கே இரண்டு வாரத்துக்கு ‘ஃபோர்ட்நைட்லி’ என்பார்கள்.

இன்னொன்று. ‘ஐ டோன்ட் ஆல்வேஸ் டேக் இட்’ என்று நோயாளி சொன்னால் சில நாள் விட்டுவிடுகிறார். ‘ஐ நெவர் டேக் இட்’ என்றால் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் ஒரே பதில் சொல்லிவிடாதே. நோயாளியிடம் பேசுவது போல் நடிக்கச் சூழ்நிலை எழுதித் தருகிற ரோல் கார்டைப் படிக்க 3 நிமிடம் தருவார்கள், பேச ஏறக்குறைய 5 நிமிடம். அதற்குள் இதைப் பிடித்துவிட வேண்டும்.

கருங்கல் மக்கா:
கமென்ட்ரியில் ‘நெவர் லுக்ட் லைக் கெட்டிங் அவுட்’ என்று எப்பவும் சொல்வார்கள். நான் சொன்னதும் இதைத்தான்.

ஆரல்காற்று:
குலசேகரம் அண்ணனுக்கு: முப்பந்தலில் அத்தனை காற்றாலையை மழைக்காகவா நட்டு வைத்திருக்கிறார்கள்?

குலசேகரம் ரப்பர்:
தம்பி, ஒரு ஜூன் மாதம் குலசேகரம் வா. குடை இல்லாமல் வா.

பென்ஷன் வாத்தியார்:
‘இட் யூஷுவலி ரெய்ன்ஸ் இன் குலசேகரம் இன் ஜூன்.’ ஊர்ப் பெயரைச் சேர்த்துவிட்டேன். இப்போது இருவருக்கும் சரிதானே?

ஆரல்காற்று:
சரி சார்.

தக்கலைப்பெண்:
தேர்வு முடிந்தது. டூ யூ எவர் கேட்டேன், ஓடியது. இரண்டாவது கார்டில் கொஞ்சம் திணறினேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை. லெஸ்டர் அக்காவுக்கும் எல்லோருக்கும் நன்றி.

மேல்புறம் ஸ்டாஃப்:
சகோதரி, ரைட்டிங்குக்கு எங்கே படித்தீர்கள்? கட்டணம் எவ்வளவு? தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

மேல்புறம் ஸ்டாஃப்:
சகோதரி?